மிசாகாவின் தங்கைகளை முதலில் எங்கே சந்திப்பது?

ஒரு சந்துக்குள் பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி செத்துக் கிடக்கிறாள். சற்று முன்புவரை தன்னோடு நின்று கறுப்புப் பூனைக்குட்டி ஒன்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த பெண்தான் அது என்று கதாநாயகன் கமிஜோ டோமா நினைக்கிறான். புத்தகக் கடைக்குள் போய்ப் பூனை வளர்ப்பு பற்றிய புத்தகம் ஒன்றை எடுத்துவருவதற்குள் இப்படி ஆகிவிட்டதே என்று பதறுகிறான். ஆள் கூப்பிட்டுக்கொண்டு திரும்பி வந்தால் சந்தில் உடல் இல்லை, ரத்தம்கூட இல்லை. கொஞ்ச நேரத்தில் அதே முகமும் அதே சீருடையுமாக ஒருத்தி எதிரே வந்து நிற்கிறாள். செத்துப்போனது 10031 என்றும், நீங்கள் இதுவரை பழகியது 10032 ஆகிய என்னோடுதான் என்றும் விளக்கம் சொல்கிறாள். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

அதைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அப்பாடா, அவள் சாகவில்லை. அடுத்த நொடியே வெட்கமாகிவிட்டது. அப்படியென்றால் சந்தில் கிடந்தவள் யார்? அவளும் ஒருத்திதானே? முகம் ஒன்று, குரல் ஒன்று, எண்ணில் மட்டும் ஒன்று குறைவு. அந்த ஓர் எண் வித்தியாசத்தில் நான் நிம்மதி அடைந்துவிட்டேன்.

கமாச்சி கஸுமா எழுதி, ஹைமுரா கியோதகா படம் வரைந்து, டெங்கெக்கி புன்கோ வரிசையில் வந்த ‘தோஆரு மஜுட்சு நோ இண்டெக்ஸ்’ தொடரின் மூன்றாம் தொகுதியில் இருக்கிறது இந்தக் காட்சி. தொடரின் முதல் புத்தகம் 2004 ஏப்ரலில் வந்தது, இது அதே ஆண்டு செப்டம்பரில். ஆங்கிலத்தில் ‘எ சர்ட்டன் மேஜிக்கல் இண்டெக்ஸ்’ என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். குளோனிங்கை மையமாக வைத்து வந்த ஜப்பானிய லைட் நாவல்களில் (இளைஞர்களுக்கான, படங்களோடு வரும் நாவல்கள்) இதை விட்டுவிட்டு ஒரு பட்டியல் போட முடியாது. ஆனால் இன்றைக்கு இந்தக் கதைக்குள் நுழைய ஒரே வழி அந்தப் புத்தகம் இல்லை. நாவலாகப் படிக்கலாம். இண்டெக்ஸ் அனிமேயின் (ஜப்பானிய அனிமேஷன் தொடர்) முதல் சீசனில் ஐந்து எபிசோடாகப் பார்க்கலாம். அதே நாட்களை, யாரிடமிருந்து குளோன்கள் எடுக்கப்பட்டார்களோ அந்த மிசாகா மிகோதோவின் பக்கமிருந்து சொல்லும் ‘தோஆரு ககாகு நோ ரெயில்கன்’ மாங்காவைப் (ஜப்பானியப் படக்கதை) படிக்கலாம். அல்லது அந்த மாங்காவிலிருந்து எடுத்த ரெயில்கன் எஸ் அனிமேயைப் பார்க்கலாம். நான்கிலும் நடப்பது ஒன்றேதான். நான்கையும் முடித்துவிட்டவன் என்ற முறையில் சொல்கிறேன், எதில் தொடங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்து உங்களுக்குக் கிடைக்கும் கதையே மாறிவிடும்.

கடைசிச் சண்டை எப்படி முடிகிறது என்பதை எங்கும் சொல்லமாட்டேன். குளோன்கள் இருக்கிறார்கள், கொல்லப்படுகிறார்கள் என்பதை மட்டும் மறைக்கப்போவதில்லை. தொடரைப் பற்றிக் கேள்விப்படும்போதே அதுவும் சேர்ந்து காதில் விழுந்துவிடுகிறது.

கதை நடக்கும் இடம் தோக்கியோவின் மேற்குப் பக்கம் உள்ள கல்வி நகரம். மக்கள்தொகை 23 லட்சம், அதில் ஐந்தில் நான்கு பங்கு மாணவர்கள். மூளையைப் பழக்கி அமானுஷ்ய ஆற்றல் வரவழைப்பதுதான் அங்கே பாடத்திட்டம். ஆற்றலுக்கு 0 முதல் 5 வரை நிலைகள். ஐந்தாம் நிலையில் நகரம் முழுக்க ஏழே பேர். மூன்றாம் இடத்தில் இருப்பவள் மின்சாரத்தை ஆளும் மிசாகா மிகோதோ. விளையாட்டு நிலையத்துக் காசு ஒன்றை விரலால் சுண்டி, ஒலியைப் போல மூன்று மடங்கு வேகத்தில் பாயவிடுவாள். ரெயில்கன் என்ற பட்டப்பெயர் அதனால் வந்தது. முதலிடத்தில் இருப்பவன் ஆக்சலரேட்டர். தன் உடலைத் தொடும் எதன் திசையையும் வேகத்தையும் மாற்றிவிடுவான். சுட்ட தோட்டா சுட்டவர் மேலேயே திரும்பிப் பாயும்.

இன்னும் யாரும் எட்டாத ஆறாம் நிலைக்கு அவனைக் கொண்டுபோக வேண்டும் என்பது ஆராய்ச்சியாளர்களின் ஆசை. செயற்கைக்கோளில் இருக்கும் ஒரு சூப்பர் கம்ப்யூட்டர் வழி சொல்கிறது: ரெயில்கன்னை 128 முறை கொன்றால் போதும். ரெயில்கன் இருப்பது ஒருத்தி. அப்போது அவர்களுக்குப் பழைய திட்டம் ஒன்று நினைவுக்கு வருகிறது. மிகோதோவின் மரபணுவை வைத்து ஐந்தாம் நிலைக்காரர்களை மொத்தமாகத் தயாரிக்கலாம் என்று தொடங்கி, குளோன்களுக்கு அவளுடைய ஆற்றலில் ஒரு சதவீதம்கூட வராது என்று தெரிந்ததும் கைவிட்ட திட்டம் அது. சரி, பலம் குறைந்தவர்கள் என்றால் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளலாம். கணக்குப் போட்டால் 20,000 வருகிறது. 20,000 குளோன்கள், 20,000 சண்டைகள், ஒவ்வொன்றும் ஒரு கொலை.

ஒரு குளோனை உருவாக்க 14 நாள். மருந்து கொடுத்து வளர்ச்சியை முடுக்கி, பதினான்கு வயது உடலைக் கொண்டுவந்து, மொழியையும் பொது அறிவையும் துப்பாக்கி பிடிக்கும் விதத்தையும் ஓர் இயந்திரம் வழியாக மூளையில் ஏற்றிவிடுவார்கள். அடக்க விலை 1,80,000 யென். இன்றைய கணக்கில் ஒரு லட்ச ரூபாய் பக்கம் வரும், ஒரு பைக்கின் விலை. இத்தனைக்கும் மிகோதோ தன் மரபணு வரைபடத்தைக் கொடுத்தது சின்னக் குழந்தையாக இருந்தபோது. தசைச்சிதைவு நோயாளிகளைக் குணப்படுத்த உதவும் என்று சொல்லித்தான் கேட்டார்கள். அந்தப் பிள்ளையும் நம்பிக் கொடுத்தது.

இந்த விலைக் கணக்கு எங்கிருந்து முளைத்தது என்று புரிய அந்தக் காலத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். எடின்பரோ அருகே ரோஸ்லின் நிறுவனத்தில் டாலி என்ற ஆட்டுக்குட்டி பிறந்தது 1996 ஜூலையில். 277 முயற்சிகளில் தேறியது அது ஒன்றுதான். 1998-ல் ஜப்பானின் இஷிகாவா மாகாணத்தில் நோத்தோ, காகா என்று இரண்டு குளோன் கன்றுகள் பிறந்தன. வாகயாமா தெருஹிகோ ஹவாயில் இருந்தபடி எலியைக் குளோன் செய்த ஆய்வு வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். மனிதக் குளோனைக் கருப்பைக்குள் வைப்பதைத் தடைசெய்து 2000 டிசம்பரில் ஜப்பான் சட்டம் போட்டது. மீறினால் பத்தாண்டு வரை சிறை. ஆக, மூன்றாம் தொகுதி வந்தபோது அந்த நாட்டு வாசகருக்குக் குளோன் என்பது தூரத்துக் கற்பனை இல்லை, பக்கத்து மாகாணத்துத் தொழுவத்தில் நின்ற கன்றுக்குட்டி. உண்மையான குளோன் குழந்தையாகத்தான் பிறக்கும், எல்லோரையும் போல வருடக்கணக்கில்தான் வளரும். 14 நாள் என்பது முழுக்கக் கற்பனை. உயிரியலைத் தேடிப் போகிறவர்களுக்கு இந்தக் கதையின் எந்த வடிவிலும் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. கமாச்சி பிடித்துக்கொண்டது வேறு இடத்தை: எதற்கு விலை எழுத முடிகிறதோ அதை எண்ணவும் முடியும், எண்ண முடிந்ததைச் செலவு செய்யவும் முடியும்.

ஆகவே எந்த வடிவத்தையும் நான் ஒரே ஒரு கேள்வியால்தான் அளக்கிறேன். படித்து முடிக்கும்போது 9982, 10031, 10032 என்ற எண்கொண்ட குளோன்களை உங்களால் தனித்தனியாக நினைவுகூர முடிகிறதா? முடிந்தால் அந்த வடிவம் வேலை செய்திருக்கிறது.

முதலில் நாவல். இங்கே குளோனைச் சந்திக்கும்போது நமக்கு ஒன்றும் தெரியாது. டோமாவுக்கும் தெரியாது. பானம் விற்கும் இயந்திரத்தின் அருகே மிகோதோவைப் போலவே ஒருத்தி வந்து நிற்கிறாள். நெற்றிக்கு மேல் ராணுவக் கண்ணாடி. அக்காவுக்குக் காந்தக் கோடுகள் வெறுங்கண்ணுக்கே தெரியும், இவளுக்குத் தெரியாது என்பதால் அது தேவைப்படுகிறது. இரட்டைப் பிறவியாக இருக்கும் என்று நினைத்து டோமா அவளை ‘மிசாகா இமோதோ’ என்று கூப்பிடத் தொடங்குகிறான். மிசாகாவின் தங்கை.

இந்தத் ‘தங்கை’யில் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். குளோன்கள் அனைவருக்கும் கதையில் உள்ள பொதுப்பெயரை ஜப்பானிய எழுத்தில் ‘தங்கைகள்’ என்று எழுதிவிட்டு, ‘சிஸ்டர்ஸ்’ என்று படிக்கச் சொல்கிறார் கமாச்சி. ஆங்கிலத்துக்குப் போனால் சிஸ்டர்ஸ் மட்டும் மிஞ்சுகிறது. மூத்தவளா இளையவளா என்பது அந்தச் சொல்லில் இல்லை. நமக்கு அக்கா வேறு, தங்கை வேறு. மிகோதோவை அவர்கள் ‘ஒனேசமா’ என்று கூப்பிடுகிறார்கள், மரியாதையோடு கூடிய அக்கா. உடன்பிறக்காதவர்களைக்கூட அக்கா என்று கூப்பிட்டு வளர்ந்த நமக்கு அந்த ஒரு சொல் என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை. தன்னைக் கேட்காமலே தன்னிலிருந்து செய்யப்பட்ட ஒருத்தி தன்னை அக்கா என்கிறாள். அப்படிக் கூப்பிடாதே என்று சொல்லலாம்தான். ஆனால் சொல் விழுந்த பிறகு அது உறவாகிவிடுகிறது.

அவர்கள் பேச்சும் இப்படித்தான். தங்கைகள் ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் தாங்களே ஒரு குறிப்புச் சேர்ப்பார்கள். ஜப்பானிய மொழியில் ‘…தெசு, தோ மிசாகா வா கொதாயெமாசு’ என்ற அமைப்பு. இந்த ‘தோ’ நம்முடைய ‘என்று’தான். ஆங்கில மொழிபெயர்ப்பில் இது ஒரு காற்புள்ளிக்குப் பின்னால் ஒட்டவைத்த வால் மாதிரி இருக்கிறது. தமிழில் எப்படி இருக்கும் என்று ஒருநாள் நானே ஒரு வரி எழுதிப் பார்த்தேன்: ‘இது பூனை, என்று மிசாகா உறுதிசெய்கிறாள்.’ சொல் வரிசை மாறவே இல்லை. பேசியது முதலில், அப்புறம் என்று, அப்புறம் யார், கடைசியில் வினை. ஜப்பானியர் காதில் எப்படி விழுமோ கிட்டத்தட்ட அப்படியே நம் காதிலும் விழுகிறது. நான் என்று சொல்லத் தெரியாமல், தன்னைப் பற்றியே இன்னொருவர் எழுதிய அறிக்கையை வாசிப்பதுபோல ஒரு பெண் பேசுகிறாள். ஆங்கிலத்தில் படிக்கும்போது அந்த வாலை ‘என்று’ போட்டு மனதுக்குள் வாசித்துப் பாருங்கள். நூறு பக்கம் போனதும் அந்த ‘என்று’வுக்குப் பின்னால் வரும் வினைச்சொற்கள் மெல்ல மாறுவது பிடிபடும். ‘பதில் சொல்கிறாள்’, ‘அறிக்கை தருகிறாள்’ என்று வந்துகொண்டிருந்தவை ஓர் இடத்தில் தடுமாறுகின்றன. எழுத்தில்தான் இது முழுதாகக் கிடைக்கும். அனிமேயில் குரல் கேட்கிறது, ஆனால் கண் சப்டைட்டிலில் ஓடிக்கொண்டிருப்பதால் இந்த நுட்பம் கைநழுவிவிடுகிறது.

நாவலின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். கமாச்சி சொன்னதையே திருப்பிச் சொல்வார். சண்டை நடுவே ஆட்கள் நின்று நிதானமாக விளக்கம் கொடுப்பார்கள், டோமாவின் வீர வசனம் பக்கக்கணக்கில் ஓடும். மிகோதோ இந்த விஷயத்தை எப்படிக் கண்டுபிடித்தாள், என்னென்ன செய்து பார்த்தாள் என்பதெல்லாம் நடந்து முடிந்த கதையாகவே நம்மிடம் வருகிறது. அவளுடைய அறையில் கிடைக்கும் காகிதங்கள் வழியாகவும், இரவில் ஒரு பாலத்தின் மேல் அவளும் டோமாவும் நின்று பேசும் பேச்சு வழியாகவும்தான் நமக்குத் தெரியவருகிறது. அந்தப் பாலத்துக் காட்சி இந்தத் தொடர் முழுவதிலும் மிகச் சிறந்த சில பக்கங்களுள் ஒன்று. இருந்தாலும் அவளுடைய துயரத்தை நாம் வெளியிலிருந்துதான் பார்க்கிறோம். 9982 இந்தப் புத்தகத்தில் ஓர் ஆளாக நமக்குக் கிடைப்பதில்லை.

இன்னொரு நடைமுறைச் சிக்கல், மூன்றாம் தொகுதியை நேரே கையில் எடுக்க முடியாது. முதல் தொகுதியின் கடைசியில் டோமாவுக்கு நேரும் ஒன்று தெரியாவிட்டால், மிகோதோவை அவன் ஏன் முதல்முறை பார்ப்பதுபோல நடந்துகொள்கிறான் என்பது விளங்காது. இரண்டாம் தொகுதியைத் தாண்டிப் போகலாம், இந்தக் கதைக்கு ஒன்றும் குறையாது. ஒன்று, மூன்று என்று படித்தால் போதும். யென் பிரஸ் 2014-லிருந்து ஆங்கிலத்தில் வெளியிட்டுவருகிறது, மின்னூலாகவும் கிடைக்கிறது.

இண்டெக்ஸ் அனிமேயைப் பற்றி அதிகம் சொல்ல ஏதுமில்லை. ஜே.சி. ஸ்டாஃப் தயாரிப்பு, நிஷிகிஒரி ஹிரோஷி இயக்கம், 2008 அக்டோபர் முதல் 2009 மார்ச் வரை 24 எபிசோடுகள். அவற்றில் 10 முதல் 14 வரை இந்தக் கதை. மொத்தம் இரண்டு மணி நேரம். நாவலில் உள்ள சம்பவங்கள் வரிசை மாறாமல் வருகின்றன, நாவலின் குறைகளும் கூடவே வருகின்றன, நாவலின் மொழி மட்டும் வருவதில்லை. சந்துக் காட்சி சட்டென்று வந்து சட்டென்று போய்விடுகிறது. அந்த நிம்மதியும் வெட்கமும் வர ஒரு வாசகனுக்குத் தேவைப்படும் அரை நிமிட மௌனத்தை ஐந்து எபிசோடுக்குள் எங்கே வைப்பார்கள்? ஏற்கெனவே நாவலைப் படித்துவிட்டுக் குரல்களைக் கேட்க ஆசைப்படுகிறவர்கள் பார்க்கலாம். முதல் அறிமுகமாக யாருக்கும் இதைச் சொல்லமாட்டேன்.

இனி ரெயில்கன். ஃபுயுகவா மோதோய் வரைய, டெங்கெக்கி தாயோ இதழில் 2007-ல் தொடங்கிய மாங்கா இது. மிகோதோதான் நாயகி. தங்கைகளின் கதை நான்காம் தொகுதியில் தொடங்கி ஏழாம் தொகுதியில் முடிகிறது. டோமா வருவதற்கு முந்தைய நாட்கள் அனைத்தும் இங்கே கண்ணெதிரே நடக்கின்றன. தன்னைக் குளோன் செய்திருக்கிறார்களாம் என்ற வதந்தி காதில் விழுவது, இரவில் தனியாகப் போய் ஆய்வகத்தின் கோப்புகளைத் துழாவுவது, கைவிட்ட திட்டம்தானே என்று தெரிந்து மூச்சு விடுவது, மறுபடி சந்தேகம் வருவது என்று ஒவ்வொன்றும். நுனோதபா ஷினோபு என்ற இளம் ஆராய்ச்சியாளர் வருகிறார். குளோன்களை உருவாக்கியவர்களில் ஒருவர், பிறகு மனச்சாட்சி உறுத்தி, கொலை நடக்கக்கூடிய சந்துகளில் பண அட்டைகளைப் போட்டு வைக்கிறார். பணத்துக்காக ஆள் நடமாட்டம் வந்தால் அந்த இடங்களில் சோதனை நடத்த முடியாது அல்லவா? ஒரு தனி மனுஷியால் அவ்வளவுதான் முடிகிறது. நாவலில் இல்லாத இந்த ஒரு பாத்திரத்துக்காகவே மாங்காவைப் படிக்கலாம்.

ஆனால் மாங்காவின் உயிர் 9982-தான். ஒரு பகல் பொழுது அவளும் மிகோதோவும் சேர்ந்து சுற்றுகிறார்கள். மிகோதோ எரிச்சலோடு விசாரிக்கிறாள், அவள் ரகசியம் என்று சொல்லி மறுக்கிறாள். நடுவே மரத்தில் மாட்டிக்கொண்ட பூனைக்குட்டியைச் சேர்ந்து காப்பாற்றுகிறார்கள், ஐஸ்கிரீம் சாப்பிடுகிறார்கள். மிகோதோவுக்குக் கெக்கோதா என்ற தவளைப் பொம்மை என்றால் உயிர். அந்தத் தவளை பதித்த சின்ன பேட்ஜ் ஒன்றை விளையாட்டாகத் தங்கையின் உடையில் குத்திவிடுகிறாள். இவ்வளவு சிறுபிள்ளைத்தனமா என்று தங்கை முகம் சுளிக்காமல் விமர்சிக்கிறாள். சரி, கொடு என்று திரும்பக் கேட்டால் தரமாட்டேன் என்கிறாள். அக்காவிடமிருந்து கிடைத்த முதல் பரிசு இது.

மாலையில் பிரியும்போது அவள் சொல்லும் சொல் ‘சயோனரா’. நாம் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது ‘போறேன்’ என்று சொல்வதில்லை, ‘போயிட்டு வர்றேன்’ என்போம். தப்பித்தவறி யாராவது ‘போறேன்’ என்றால் பாட்டி பதறிப்போய்த் திருத்துவார். ஜப்பானில் நண்பர்கள் அன்றாடம் பிரியும்போது ‘மத்தா நே’ போல, மறுபடி பார்ப்போம் என்ற பொருளில் எதையாவதுதான் சொல்வார்கள். சயோனரா அதைவிட எடை கூடிய சொல். மிகோதோவுக்கு அது அப்போது உறைக்கவில்லை. நமக்கு உறைக்கிறது.

அன்றிரவே 9982 ஆக்சலரேட்டர் முன்னால் நிற்கிறாள். அந்தச் சண்டையை நான் இங்கே விவரிக்கப்போவதில்லை, ஒன்றை மட்டும் சொல்கிறேன். காலை இழந்து தரையில் கிடப்பவள் தப்பி ஓடும் திசையில் ஊர்ந்து போகவில்லை. கொஞ்சம் தள்ளி விழுந்து கிடக்கும் தவளை பேட்ஜை நோக்கி ஊர்ந்து போகிறாள். எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொள்கிறாள். ஃபுயுகவா இந்தப் பக்கங்களில் பேச்சைக் குறைத்துவிடுகிறார். நாவலில் இப்படி ஓர் இடம் வந்திருந்தால் கமாச்சி அரைப் பக்கம் விளக்கியிருப்பார் என்று தோன்றுகிறது. மேலிருந்து ஒரு ரயில் பெட்டி இறங்குவதற்கு முன் மிகோதோ அங்கே வந்து சேர்ந்துவிடுகிறாள், ஆனால் பார்க்க மட்டும்தான் முடிகிறது.

இதைப் படித்தபின் 9982 என்பது எண்ணாக நினைவில் தங்குவதில்லை. எனக்கு இன்றும் அந்த எண்ணை எங்கே பார்த்தாலும் தவளைதான் நினைவுக்கு வரும்.

மாங்காவில் ஒரு தொய்வு உண்டு. துக்கமும் கோபமுமாக மிகோதோ ஆய்வகங்களை ஒவ்வொன்றாக நொறுக்கத் தொடங்க, அவளைத் தடுக்க ‘ஐட்டம்’ என்ற கூலிப்படை வருகிறது. நான்கு பெண்கள், அவர்களில் ஒருத்தி ஐந்தாம் நிலையில் நான்காம் இடத்தில் இருப்பவள். சண்டை என்ற அளவில் அருமை, ஆனால் நீளம். தங்கைகள் அவ்வளவு நேரம் கண்ணில் படுவதில்லை. அப்புறம் மிகோதோவின் தோழி குரோகோ அவளிடம் அத்துமீறுவதை நகைச்சுவையாகக் காட்டும் பழக்கம் ரெயில்கன் முழுக்க இருக்கிறது. எனக்கு அது எப்போதும் பிடித்ததில்லை. இத்தனை கனமான கதைக்குப் பக்கத்தில் வரும்போது இன்னும் உறுத்துகிறது.

ரெயில்கன் எஸ் இதையே 16 எபிசோடாக எடுத்திருக்கிறது. 2013 ஏப்ரலில் தொடங்கியது, நாகாய் தத்சுயுகி இயக்கம், அதே ஜே.சி. ஸ்டாஃப். ஆறரை மணி நேரம் பிடிக்கும். மாங்காவைவிட இதில் கூடுதலாகக் கிடைப்பது இரண்டு. முதலாவது குரல். தங்கையின் தட்டையான குரலுக்கும் அக்காவின் கொதிக்கும் குரலுக்கும் உள்ள தூரம், நாளாக ஆக அக்காவின் குரல் உள்ளே ஒடுங்கிப்போவது, இதெல்லாம் காதால் கேட்க வேண்டியவை. இரண்டாவது, மிகோதோவின் தனிமை. அறைத்தோழியும் மற்ற தோழிகளும் கூடவே இருக்கிறார்கள், சிரிக்கிறார்கள், இவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாள்கள் நகர நகர அதைப் பார்த்துக்கொண்டே இருக்கும்போது அந்த மௌனம் நம் மேலும் ஏறுகிறது. மாங்காவில் ஒரு பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விட முடியும். இதற்கு முந்தைய ரெயில்கன் முதல் சீசனைப் பார்த்திருந்தால் அந்தத் தோழிகள் பரிச்சயமாக இருப்பார்கள். பார்க்காவிட்டாலும் கதை புரியும். 17-ஆம் எபிசோடிலிருந்து வேறு கதை தொடங்கிவிடுகிறது, நீங்கள் 16-லேயே நிறுத்திக்கொள்ளலாம்.

அப்படியென்றால் எது முதலில்? ரொம்ப நாள் நான் நாவல்தான் முதலில் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சந்துக் காட்சி ஒருமுறைதான் வேலை செய்யும், அதைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் வாதம். குளோன் கதை என்றே தெரியாமல் 2004-ல் அதைப் படித்தவருக்கு அது சரி. இன்றைக்கு அந்த அறியாமை யாருக்கும் மிச்சமில்லை. ஆச்சரியம் போய்விட்ட பிறகு சந்துக் காட்சியில் மிஞ்சுவது நிம்மதியும் வெட்கமும்தான். அவை 9982-ஐ ஏற்கெனவே அறிந்தவருக்கு இன்னும் கூர்மையாக வரும். ‘செத்தது 10031’ என்று கேட்டதும் அவருக்கு நிம்மதி வராது. அந்த 10031 யாரோடு ஐஸ்கிரீம் சாப்பிட்டிருப்பாள் என்று கேட்கத் தோன்றும்.

அதனால் இப்போது என் வரிசை இது: ரெயில்கன் முதலில், நாவல் அடுத்து. வாசிப்பவர் என்றால் மாங்காவின் 4 முதல் 7 வரை, செவன் சீஸ் ஆங்கிலத்தில் வெளியிட்டிருக்கிறது. வாசிப்பு ஓடாதவர் என்றால் ரெயில்கன் எஸ். இரண்டும் தேவையில்லை, ஒன்று போதும். என்னைக் கேட்டால் மாங்காவுக்கு ஒரு பிடி கூடுதல் கொடுப்பேன், அந்தப் பேச்சில்லாத பக்கங்களுக்காக. ஆனால் முன்னால் அனிமே பார்த்தே பழகாத ஒருவரை உட்காரவைப்பதாக இருந்தால் யோசிக்காமல் ரெயில்கன் எஸ்தான்.

ஒரே ஒரு வகை வாசகருக்கு மட்டும் நான் நாவலைத்தான் முதலில் கொடுப்பேன். கதையைவிட மொழி எப்படி வேலை செய்கிறது என்பதில் மனம் போகிறவர்கள், மொழிபெயர்ப்பில் கை வைக்கிறவர்கள். அந்த ‘தோ மிசாகா வா’வை வேறு எங்கும் அவர்கள் இந்த அளவுக்குச் சந்திக்கமாட்டார்கள். தமிழுக்குக் கொண்டுவர யாராவது முன்வந்தால் ஆங்கிலம் வழியாக வராமல் ஜப்பானியத்திலிருந்தே நேரடியாக வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். வாக்கியத்தின் முதுகெலும்பே ஒத்துப்போகும்போது சுற்றுவழி எதற்கு?

பள்ளிப் பிள்ளைகளுக்கு வாங்கிக்கொடுக்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். லைட் நாவல், அட்டையில் சிரிக்கும் பெண் படம் என்பதால் சிறுவர் கதை என்று நினைத்துவிடாதீர்கள். உடல்கள் சிதைவதை மாங்காவும் ரெயில்கன் எஸ்ஸும் மறைக்காமல் காட்டுகின்றன. நாவல் எழுத்தில் சொல்வதால் சற்று தாங்கும்படி இருக்கும். பதினைந்து வயதுக்குக் கீழ் என்றால் நான் கொடுக்கமாட்டேன், அதற்கு மேல் என்றால் கூடவே படியுங்கள்.

எந்த வழியாக நுழைந்தாலும் ஒரு புத்தகத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். 2005 ஏப்ரலில் வந்த ஐந்தாம் தொகுதி. அதில் ஆக்சலரேட்டர் எதிரில் பத்து வயதுத் தோற்றத்தில் ஒரு சிறுமி வந்து நிற்கிறாள், போர்வை ஒன்றைச் சுற்றிக்கொண்டு. அவளும் தங்கைதான், எண் 20001. எல்லோரையும்விட இளையவள். ஆயிரக்கணக்கில் கொன்றவன் என்று தெரிந்தே அவனிடம் சோறு கேட்கிறாள், விடாமல் பேசுகிறாள். ஒவ்வொரு முறையும் கொல்வதற்கு முன் எங்களிடம் ஏன் பேச்சுக் கொடுத்தாய் என்ற கேள்வியை அவன் முன்னால் எடுத்து வைக்கிறாள். ரெயில்கன்னில் அவன் பேசும் ஒவ்வொரு வசனத்தையும் எனக்கு அந்தக் கேள்வி மறுபடி திருப்பிப் பார்க்க வைத்தது. 9982-இன் அந்த இரவையும் சேர்த்துத்தான்.